மன்னார் மன்னர்களின் ஒன்பதாவது ஆள்

பேஸ்போல் என்றால் தின்பதா உடுப்பதா என்று மன்னாரில் எவருக்கும் தெரியாத காலத்திலேயே மன்னாருக்கென்று ஒரு பேஸ்போல் அணி உண்டாகிவிட்டது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. பாலத்துக்கு அப்பால், பெருநிலப்பக்கத்தில், நாள் முழுக்க ஷெல் அடி. தீவுக்குள்ளே மீனவர்கள் விடிந்த பிறகுதான் கடலுக்குப் போகலாம், பொழுதுபடுமுன் கரைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு ஓர் அனுமதி அட்டை. அந்த அட்டையை எடுப்பதற்கு இன்னோர் அட்டை. இப்படிப்பட்ட ஓர் ஊருக்கு அவசரமாகத் தேவைப்படுவது என்ன என்று கொழும்பில் பெரியவர்கள் கூடி யோசித்து, பேஸ்போல் என்று கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பெரியவர்கள் கூடிய இடத்துக்குத் தேசியத் தொழில்முறைப் பேஸ்போல் மேம்பாட்டு அதிகார சபை என்று பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவரைத்தான் அங்கே அதிகாரியாக எடுப்பார்கள் என்று ஊரில் கதைத்தார்கள். யாரோ ஒரு வெளிநாட்டார் மட்டையும் பந்தும் கையுறையும் கப்பலில் ஏற்றி அன்பளிப்பாக அனுப்பிவிட்டார்கள். வந்த சாமானுக்கு ஒரு விளையாட்டு வேண்டும், விளையாட்டுக்கு ஒரு சபை வேண்டும், சபைக்கு வாகனங்கள் வேண்டும். வாகனங்கள்தான் முதலில் வந்தன.

சண்டை நடக்கும் பக்கத்துச் சனமும் சம்பளத்துக்குப் பந்தடித்துக்கொண்டு சந்தோசமாகத்தான் இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டுவது திட்டம். ஆறு மாவட்டத்துக்கு ஆறு அணி. பெயர்களையும் கொழும்பிலேயே வைத்தார்கள். மன்னாருக்கு ‘மன்னார் மன்னர்கள்’. பெயர் வைத்த, எதுகை மோனையில் பிரியமுள்ள அதிகாரி புத்தளத்துக்கு ‘புத்தளம் புலிகள்’ என்று வைத்து ஐந்நூறு சட்டையும் அடித்து முடித்த பிறகு, யாரோ முகம் வெளிறி ஓடிவந்தார்களாம். மூன்று நாளில் அது ‘புத்தளம் புறாக்கள்’ ஆயிற்று. அந்த ஐந்நூறு சட்டையும் எங்கே எரிக்கப்பட்டன என்பது இன்றுவரை இரகசியம்.

சனூன் மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடை வைத்திருந்தார். அடையாள அட்டையின் பிரதி இல்லாமல் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்கூட வாங்கமுடியாத காலமாகையால் கடை நன்றாக ஓடியது. தொண்ணூறாம் ஆண்டில் ஊர் முஸ்லிம் சனத்தோடு சனமாக வெளியேறிப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பதின்மூன்று வருசம் இருந்துவிட்டு, சமாதானம் வந்துவிட்டதாகச் சொன்னதை நம்பித் திரும்பி வந்தவர். வந்து மூன்று வருசத்துக்குள் சமாதானம் போய்விட்டது, அவர் போகவில்லை. முகாமில் இருந்த காலத்தில் பெடியன்களின் கிரிக்கெட் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதியவர் என்று யாரோ சொல்லிவிட, சபையின் பிராந்திய இணைப்பதிகாரி வஸீர் ஒருநாள் கடை வாசலில் வாகனத்தை நிறுத்தி, இறங்காமலே அவரை உத்தியோகபூர்வ ஸ்கோர் பதிவாளராக நியமித்தார். தனக்கு பேஸ்போல் தெரியாது என்று சனூன் சொன்னார். அது ஒரு தடையல்ல என்று வஸீர் சொன்னார். சபையில் எவருக்குமே அது தடையாக இருக்கவில்லை.

கையுறைப் பெட்டியைத் திறந்தபோது முதலாவது சிக்கல் வந்தது. இருபது கையுறை, இருபதும் இடக்கைக்கு. சோடியின் மற்றப் பாதியை யாரோ துறைமுகத்தில் திருடிவிட்டார்கள் என்று வஸீர் சினந்து, வலக்கைக் கையுறைகளை உடனே அனுப்பும்படி அந்த வெளிநாட்டாருக்கு எழுதினார். பேஸ்போலில் ஒரு கைக்கு மட்டும்தான் கையுறை என்று அவர்கள் பணிவாகப் பதில் எழுதினார்கள். சபை இரண்டு மாதம் கூடி ஆராய்ந்து, அந்த விளக்கத்தைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டது.

அணிக்கு ஒன்பது பேர் வேண்டும். ஒன்பதாவதாகச் சேர்ந்தவர் தாழ்வுபாட்டு மீனவர் ஜெறோம் லெம்பேட். முப்பத்தொரு வயது. பந்தடிக்கும் ஆசையில் அவர் சேரவில்லை. சபை வீரர்களுக்குக் கொடுத்த அட்டையைக் காட்டினால் காவலரண்களில் வரிசையில் நிற்காமல் போகலாம். மீன் பழுதாகுமுன் சந்தைக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் வீச்சுவலை எறிந்து பழகிய தோள் அது. முதல் நாள் அவர் எறிந்த பந்தைப் பிடிக்கப்போன அணிப் பெடியன் பைறூஸ் கையை உதறிக்கொண்டு இருந்துவிட்டான். இது மனிசன் எறிகிற எறியல்ல என்று சொன்னான்.

தொடக்க விழாவில் வஸீர் பேசினார். இந்த மண்ணில் இனி வானத்தில் ஏதாவது பறந்து வந்தால் எவரும் ஓடி ஒளியத் தேவையில்லை, அது பேஸ்போல் பந்தாகத்தான் இருக்கும் என்ற நிலையைச் சபை உருவாக்கிவிட்டது என்றார். அந்த நேரம் பாலத்துக்கு அப்பால் ஒன்று விழுந்து வெடித்தது. தூரத்துச் சத்தம் என்று ஊர்ச்சனத்துக்குத் தெரியும், யாரும் அசையவில்லை. வஸீரை மேசைக்கு அடியிலிருந்து எழுப்பி விட்டார்கள்.

முதற்போட்டி உண்மையாகவே நடந்தது. தோட்டவெளிப் பக்கத்து வெளியில், மேய்ந்து நின்ற கழுதைகளைக் கலைத்துவிட்டு, புத்தளம் புறாக்களோடு விளையாடினார்கள். ஜெறோம் பதினொரு பேரை நின்ற நிலையிலேயே வெளியேற்றினார்; பேஸ்போலில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப அடிக்க வரலாம். ஆனால் வெளியின் வடக்கு ஓரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட பலகையும் முட்கம்பியும் இருந்தன. அடித்த பந்துகள் ஒவ்வொன்றாக அந்தக் கண்ணிவெடிக் காணிக்குள் போக, எடுக்கப்போக ஆளில்லை. ‘பந்து தீர்ந்ததால் போட்டி நிறுத்தப்பட்டது’ என்று சனூன் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். அப்படியொரு முடிவு விதிப்புத்தகத்தில் இல்லை, திருத்தி அனுப்பவும் என்று கொழும்பிலிருந்து வந்தது.

இரண்டாவது போட்டிக்கு எதிரணி வந்த பஸ் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டது. உருண்டையாக, கெட்டியாக, தையல் போட்டு மூடிய பொருள் பன்னிரண்டு. உள்ளே என்ன என்று கேட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. ஒன்றை வெட்டிப் பார்த்தார்கள்: நூல். ஒன்றில் நூல் என்றால் மற்றதிலும் நூல்தான் என்று என்ன நிச்சயம்? பன்னிரண்டையும் வெட்டினார்கள். பன்னிரண்டிலும் நூல். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த அணி நூலைப் பையில் அள்ளிக்கொண்டு திரும்பிப் போனது.

போட்டி நடக்கவில்லை என்று அறிவிப்போமா என்று சனூன் வஸீரிடம் கேட்டார். வஸீர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

“சனூன், போட்டி நடக்கிறது என்கிறது ஒரு நிர்வாக விசயம். மைதானத்தில நடந்தா நல்லது. நடக்காட்டியும் அட்டவணையில நடந்தாகணும். அட்டவணையை அங்கீகரிச்சது மேலிடம். மைதானத்தை யார் அங்கீகரிச்சாங்க?”

அன்றிலிருந்து மன்னார் மன்னர்கள் கடதாசியில் விளையாடினார்கள். சனூன் கடை மேசையில் இருந்து இரண்டு அணியின் ஸ்கோரையும் எழுதுவார். முதலில் கை கூசியது. பிறகு பழகிவிட்டது. இதிலே ஓர் ஒழுங்கும் இருந்தது: சனிக்கிழமைப் போட்டியின் முடிவு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன் தொலைநகலில் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும், சனியும் ஞாயிறும் சபைக்கு விடுமுறை. பார்வையாளர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மகிழ்ச்சியடைந்தார்கள் என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. சனூன் ஒருமுறை மகிழ்ச்சியடைந்தவர் தொகையைச் சிறிது குறைத்துப் போட்டதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முடிவுகள் பேப்பரில் வந்தன, வானொலியிலும் வாசிக்கப்பட்டன. அன்றைக்கு முன்னரங்கில் மாண்டவர்களின் தொகையும், அதற்குப் பின்னால் பேஸ்போல் ஓட்டங்களின் தொகையும். இரண்டையும் சனம் ஒரே முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது.

மே மாதம் பதினாறாம் திகதி, வெள்ளிக்கிழமை, ஜெறோம் கடைக்கு வந்தார். அட்டையின் பிரதி எடுக்க வந்தவர், மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நானா, நாளைக்கு நான் எத்தினை பேரை வெளியேத்தப்போறன்?”

ஒன்பது என்று சனூன் சொன்னார்.

“கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ. மனிசி றேடியோ கேக்கிறவ.”

சனூனும் சிரித்துக்கொண்டு ஒன்பதை வெட்டிப் பதினாலு என்று போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, தாழ்வுபாட்டு வீதியில், மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஜெறோமை ஒரு வெள்ளை வான் மறித்தது. இலக்கத் தகடு இல்லாத வான். இறங்கியவர்கள் இரண்டு பேர் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்கள். சைக்கிள் வேலிக்கரையில் கிடந்தது. பாரைமீன் குட்டிகள் வீதியில் சிதறிக் கிடந்தன, காகங்கள் வந்துவிட்டன. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு ஜெறோம் தோட்டவெளி மைதானத்தில் பதினாலு பேரை வெளியேற்றினார்.

அவருடைய மனைவி மெற்றில்டா இரண்டு நாள் இராணுவ முகாம் முகாமாகப் போய்க் கேட்டாள். எங்கேயும் இல்லை என்றார்கள். திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். சார்ஜன்ட் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். எப்போது கடத்தினார்கள் என்று கேட்டார். சனிக்கிழமை காலை என்றாள். அவர் மேசையில் கிடந்த பேப்பரை எடுத்து, மடித்து, ஓர் இடத்தில் விரலை வைத்து அவள் பக்கம் திருப்பினார்.

“சனிக்கிழமை பின்னேரம் பதினாலு பேரை அவுட் ஆக்கியிருக்கிறார். காணாமல் போன ஆளால இது ஏலுமா அம்மா?”

முறைப்பாட்டுப் புத்தகத்தை அவர் திறக்கவில்லை. பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் மனித உரிமைக் கந்தோர், செஞ்சிலுவைக் கந்தோர், மறியற்சாலை, ஒன்றும் பெயர் பதியாது. இலக்கம் இல்லாதவனைத் தேடுவதற்கு இந்த நாட்டில் கதவே கிடையாது.

அங்கிருந்து அவள் நேராகச் சனூனின் கடைக்கு வந்தாள். அழவில்லை. கடைக்குள் நின்ற மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

“நானா, அவரை நீங்கள் சனிக்கிழமை கண்டனீங்களோ?”

இல்லைத் தங்கச்சி, நான் வெள்ளிக்கிழமையே எழுதிப்போட்டன் என்று சனூன் ஒருவழியாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே இறங்கிப் போனாள். வசை ஏதும் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றே சனூன் வஸீரிடம் போய், ஜெறோமின் பெயரை அணியிலிருந்து எடுக்கவேண்டும் என்றார். வஸீர் அலுமாரியைத் திறந்து பதினோராம் இலக்கப் படிவத்தை எடுத்தார். ஒரு வீரர் அணியைவிட்டு நீங்குவதற்கு மூன்று வழி இருந்தது. வீரரே நேரில் வந்து ஒப்பமிட்ட விலகல் கடிதம். வைத்திய சான்றிதழ். மரண சான்றிதழ். காணாமற்போனவர் என்றொரு கட்டம் படிவத்தில் இல்லை.

“அவரைக் கூட்டிவந்து ஒரு கையெழுத்து வையுங்க. உடனே எடுத்துவிடலாம். நாங்க யாரையும் பலவந்தமாக வச்சிருக்கிறதில்லையே,” என்றார் வஸீர்.

அந்த வெள்ளிக்கிழமை சனூன் ஜெறோமின் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டு அனுப்பினார். கொழும்பில் யாரோ பொறுப்பானவர் அந்த இடத்தில் பத்து என்று நிரப்பிக்கொண்டார். அடுத்த வாரம் சனூன் பூச்சியம் என்று எழுதினார். அதன் பக்கத்தில் ஒன்றைச் சேர்ப்பதற்கு அங்கே அதிக நேரம் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் ‘விளையாடவில்லை’ என்று எழுதினார். ஒரு வீரரின் ஆட்டத்தைக் குறைத்துக் காட்டும் உள்நோக்கம் என்ன என்று கேட்டு, கடைசி எச்சரிக்கை என்று சிவப்பு மையில் போட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தின் பிரதி யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கீழே ஒரு பட்டியல் இருந்தது. அதிலே பாதுகாப்பு என்ற சொல் வந்த கந்தோர்கள் மூன்று. சனூன் அதைப் படித்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எட்டு என்று எழுதினார்.

இப்படி ஆடி போய் ஆவணியும் வந்தது. ஜெறோம் லீக்கிலேயே சிறந்த பந்தெறிபவராகிவிட்டார். மெற்றில்டா ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொலிசுக்குப் போனாள். சார்ஜன்ட் ஸ்கோர்த் துண்டுகளை வெட்டி ஒரு கோவையில் ஒழுங்காக ஒட்டி வைத்திருந்தார். நல்ல மனிசன்; அவளுக்குக் கதிரை போடச் சொல்லிவிட்டுத்தான் வாசித்துக் காட்டுவார். தாழ்வுபாட்டிலும் கதை மாறத் தொடங்கியது. முதலில் இரங்கிய சனம், றேடியோவில் வாரா வாரம் பெயரைக் கேட்கக் கேட்க, ஆள் எங்கேயோ சுகமாகப் பந்தெறிந்துகொண்டு இருக்கிறான், இவளைத்தான் விட்டுவிட்டான் என்று சொல்லலாயிற்று. கொழும்பில் வேறொருத்தியோடு இருக்கிறானாம் என்று ஜெறோமின் சொந்த அக்காவே கோயில் முற்றத்தில் நின்று சொன்னாள். மெற்றில்டா வந்து சனூனிடம் அதைச் சொல்லிவிட்டு, தானும் சிலவேளை அப்படி இருக்கட்டும் என்று நேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். வேறொருத்தியோடு என்றாலும் உயிரோடு இருப்பார்தானே என்றாள்.

அன்று சனூன் சோறு தின்னவில்லை. மனைவி றாபியா சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு முன்னால் வந்திருந்தாள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இரண்டு பிள்ளை பெற்றவள். எதற்கும் சுலபத்தில் பதறமாட்டாள்.

“அந்தப் பிள்ளை உங்கட எழுத்தாலதான் அலையுது,” என்றாள். “வேற ஆரும் வந்து அழிக்கமாட்டாங்க. நீங்கதான் அழிக்கணும்.”

என்னையும் வான் வந்து ஏற்றினால் என்று சனூன் கேட்டார். அவள் எழுந்துபோய், அவருடைய அடையாள அட்டையின் பிரதிகள் பத்தை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒக்டோபரில் பருவம் முடிந்தது. மன்னார் மன்னர்கள் சம்பியன். பரிசளிப்பு விழாவை மன்னாரிலேயே நடத்துவதென்று சபை முடிவு செய்தது. அன்பளிப்புச் செய்த நாட்டார் தங்கள் மட்டைகளைக் கண்ணால் பார்க்க விரும்பினார்கள். சபைத் தலைவரும் நான்கு வெளிநாட்டு விருந்தினரும் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார்கள். அந்தக் காற்றில் பந்தல் பறந்துபோய்க் கண்ணிவெடிக் காணியின் முட்கம்பியில் தொங்கியது. மைதானத்தில் ஒரு கால்மணி நேரம் ஏதோ விளையாட்டுக் காட்டினார்கள். வஸீர் விருந்தினர்களுக்கு விதிகளை விளங்கப்படுத்தினார். அவர்கள் பிறந்த நாளிலிருந்து அறிந்த விளையாட்டை முதன்முறையாகக் கேட்பதுபோலத் தலையாட்டினார்கள்.

சபைத் தலைவர் சிங்களத்தில் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற வஸீர் தமிழாக்கினார். மற்றத் துறைகளில் மனிதர்கள் இருக்கிறார்கள், பதிவுகள் இல்லை. எங்கள் துறையில் பதிவுகள் ஒன்றுகூடத் தவறவில்லை, இதுவே ஒரு சபைக்கு அழகு என்றார் தலைவர். அதை வஸீர் இரண்டுமுறை சொன்னார்.

அடுத்தது பருவத்தின் சிறந்த வீரர் பரிசு. புள்ளிகளின்படி அது ஜெறோம் லெம்பேட்டுக்கு. பதிவுகளை மாற்ற முடியாதென்பதால் ஆளை மாற்றுவதென்று வஸீர் ஏற்பாடு செய்திருந்தார். அணியில் இன்னொருவனான றினாஸுக்கு ஜெறோமின் ஏழாம் இலக்கச் சட்டையைப் போட்டு மேடைக்குக் கீழே நிறுத்தியிருந்தார். பெயர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடும் பொறுப்பு ஸ்கோர் பதிவாளருக்கு.

சனூன் ஒலிவாங்கியைப் பிடித்தார். சனத்துக்குள் மெற்றில்டா வெள்ளை உடுப்போடு நிற்பது தெரிந்தது. எழுதி வைத்திருந்த கடதாசியை அவர் பார்க்கவில்லை.

“சிறந்த வீரர், தாழ்வுபாடு ஜெறோம் லெம்பேட்,” என்றார். “இந்த ஆளை மே மாதம் பதினேழாம் திகதி காலமை ஏழு மணிக்குத் தாழ்வுபாட்டு றோட்டில வெள்ளை வான் ஒண்டு ஏத்திக்கொண்டு போனது. அண்டையில இருந்து அவர் ஒரு பந்தும் எறியேல்ல. எறிஞ்சதெண்டு எழுதினது நான். எழுதினதெல்லாம் பொய்.”

என்ன சொல்கிறார் என்று தலைவர் வஸீரைக் கேட்டார். வஸீருக்கு வியர்த்தது, ஆனால் ஒரு சபையில் சும்மா உயர்ந்து வந்தவரல்ல அவர். சிறந்த வீரர் தன்னடக்கம் காரணமாக மேடைக்கு வரவில்லை, தன் வெற்றியெல்லாம் சபைக்கே உரியதென்று சொல்லியனுப்பியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். விருந்தினர் நான்கு பேரும் உருகிப்போய் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவரும் எழுந்து தட்டினார். தமிழ் விளங்கிய சனம் ஒன்றும் தட்டவில்லை. றினாஸ் ஏழாம் இலக்கச் சட்டையைக் கழற்றி ஒரு கதிரையில் போட்டுவிட்டு, பெனியனோடு வீட்டுக்கு நடந்தான்.

ஒன்பது நாள் சனூனின் வீட்டில் வாகனச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் பேச்சு நின்றது. பத்தாம் நாள் காலையில் ஒரு வாகனம் வாசலிலேயே நின்றது. றாபியா யன்னலால் எட்டிப் பார்த்தாள். பொலிஸ் ஜீப். இலக்கத் தகடு இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நெஞ்சில் கையை வைத்தாள். புருசனைப் பிடிக்கப் பொலிஸ் வந்ததற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்த பெண் மன்னாரில் அன்றைக்கு அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சபைதான் முறைப்பாடு செய்திருந்தது. பேப்பர்க்காரன் ஒருவன் விழாவில் நின்று கேட்டதை எழுதிவிட, கொழும்பில் கேள்வி வந்துவிட்டது. போட்டிகள் நடக்கவேயில்லை என்று சபை ஒத்துக்கொள்ள முடியுமா? முடியாது. எனவே போட்டிகள் எல்லாம் நடந்தன, ஆனால் எட்டுப் பேரோடு நடந்தன, ஒன்பதாவது ஆளை ஸ்கோர் பதிவாளர் கற்பனையில் சேர்த்துவிட்டார் என்று சபை கண்டறிந்தது. எட்டுப் பேரோடு விளையாடியே சம்பியனாகிய அணி என்று அதன் மாதமடலில் தனியாக ஒரு பாராட்டும் வந்தது.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். ஐந்து மாதமாகத் திறக்காத புத்தகம், சபையின் முத்திரை பதித்த கடிதத்துக்கு உடனே திறந்துகொண்டது. வஸீர் தானே சொல்லுக்குச் சொல் செதுக்கிய முறைப்பாடு. சார்ஜன்ட் வாசித்தார். “ஜெறோம் லெம்பேட் என்பவர் இரண்டாயிரத்து எட்டு மே மாதம் பதினேழாம் திகதி தொடக்கம் சமூகமளிக்காதிருந்த நிலையில், அவர் சமூகமளித்ததாக மேற்படி சனூன் பொய்யான பதிவுகளை ஆக்கினார்.”

அந்த முதற்பாதியை இன்னொருக்கால் வாசிக்கும்படி சனூன் கேட்டார். வாசலில் மெற்றில்டா நின்றாள், அன்றும் திங்கட்கிழமை. கொஞ்சம் சத்தமாக வாசிக்கும்படி மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு முறைப்பாட்டின் இலக்கம் என்ன என்று கேட்டுக் கையில் எழுதிக்கொண்டு, காட்டிய இடத்தில் எல்லாம் ஒப்பமிட்டார். இவ்வளவு ஆசையோடு ஒப்பமிட்ட சந்தேகநபரைச் சார்ஜன்ட் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை.

அந்த இலக்கத்தை வைத்துத்தான் செஞ்சிலுவைக் கந்தோரில் ஜெறோமின் பெயரைப் பதிந்தார்கள். மனித உரிமைக் கந்தோரிலும் பதிந்தார்கள். எந்தத் தடுப்பு முகாமிலிருந்தும் பதில் வரவில்லை. இல்லை என்றாவது எழுத்தில் வந்தால் போதும் என்று மெற்றில்டா சொல்லத் தொடங்கியிருந்தாள்.

வழக்கு டிசம்பரில் வந்தது. அரச சபை ஒன்றுக்குப் பொய்ப் பதிவுகள் ஆக்கியதாகக் குற்றம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறிய தண்டத்தோடு பத்து நிமிசத்தில் வீட்டுக்குப் போகலாம் என்று சட்டத்தரணி சொன்னார். எல்லாரும் கேட்க ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு இப்போது ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் வழக்கு வருசக்கணக்காக இழுபடும், தவணைக்குத் தவணை அலைய வேண்டும், கடையைப் பூட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஒப்புக்கொள்ளாவிட்டால் சாட்சிகளைக் கூப்பிடுவார்களா என்று சனூன் கேட்டார். கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றார் சட்டத்தரணி. முதலாவது சாட்சி ஆர் என்று கேட்டார். சட்டத்தரணி பட்டியலைப் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

நீதவான் குற்றப்பத்திரத்தை வாசிக்கச் செய்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டார்.

“சுற்றவாளி, ஐயா,” என்றார் சனூன்.

முதலாவது சாட்சியைக் கூப்பிடும்படி நீதவான் சொன்னார். நீதிமன்றச் சேவகர் வாசற்படிக்கு வந்து, வீதியைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கப்படி மூன்று முறை கூப்பிட்டார். தாழ்வுபாடு சவிரியான் ஜெறோம் லெம்பேட். தான் விளையாட வரவில்லை என்று வந்து சொல்லவேண்டிய சாட்சி. நல்ல குரல் அந்த மனிசனுக்கு. மூன்றாம் முறை கூப்பிட்டபோது எதிர்க் கடைக்காரர்களும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வாங்கில் றாபியாவோடு இருந்த மெற்றில்டாவும் எழுந்து வாசலைப் பார்த்தாள்.

ஆள் இல்லை என்று சேவகர் வந்து சொன்னார். நீதிமன்றப் பதிவாளர் அதை எழுதினார். சாட்சியைத் தேடிப் பிடித்து அடுத்த தவணைக்கு மன்றில் நிறுத்தும்படி நீதவான் பொலிசுக்குக் கட்டளையிட்டார். சார்ஜன்ட் எழுந்து, சரி ஐயா என்றார். கடத்தப்பட்டு ஏழு மாதத்துக்குப் பிறகு, ஜெறோமைத் தேடும்படி அரசாங்கம் எழுத்தில் இட்ட முதற்கட்டளை அது. அவர் காணாமற்போனதற்காக அல்ல, கூப்பிட்டபோது வராததற்காக.

வெளியே வந்ததும் மெற்றில்டா சனூனிடம் அடுத்த தவணை எப்போது என்று கேட்டாள். பெப்ரவரி என்று சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நானா,” என்றாள், “சுறுக்கா வென்றுபோடாதேங்கோ.”

ஓம் தங்கச்சி, வெல்லமாட்டன் என்று சனூன் சொன்னார்.